ஒரு கார் அகலம்

2020 மார்ச் 20
கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டியாயிற்று. எல் லைசன்ஸ் எடுத்த பிள்ளைகள் டெஸ்ட் எப்போது என்று கேட்டு மெசேஜ் போடுகிறார்கள். யாருக்குத் தெரியும்? ஜெலுத்தோங் சாலையில் நாய்கள் நடுவில் படுத்துக் கிடக்கின்றன. அண்ணன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார். வந்தால் திரும்பிப் போக முடியாது, வேலை போய்விடும் என்கிறார். தைப்பூசத்துக்கும் வரவில்லை. அம்மா அதை மறக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 23
பஹ்ரைனில் நடக்க வேண்டிய எஃப்1 பந்தயத்தை கம்ப்யூட்டரில் நடத்திவிட்டார்கள். ஓட்டுநர்கள் அவரவர் வீட்டில். நமக்கு விடியற்காலை. முடிந்த கையோடு அண்ணன் போன் அடித்தார். “உங்கிட்ட அந்த ஸ்டியரிங் இருக்குல்ல? எடுத்து மாட்டு. ராத்திரிக்கு ஓட்டலாம்.”

தைப்பூசத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அலமாரி மேலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசையில் பூட்டினேன். பிரேக்கை மிதித்தால் பெடல் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் அம்மாவின் அம்மிக்கல்லைச் சுவரோடு சேர்த்து முட்டுக் கொடுத்தேன். அசையவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சட்னியை மிக்சியில் அரைத்தார்.

மார்ச் 29
கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதித் தீர்க்கிறேன்.

அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய கேமில் ரசிகர்கள் உருவாக்கிப் போட்ட செப்பாங் பந்தயத் தடம் இருக்கிறது. அண்ணனுடைய கூட்டாளிகள் ஈப்போ, கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். எல்லாம் நம் ஆட்கள்தான். முகம் தெரியாது, குரல் மட்டும். நேர்ச்சாலை முடிந்ததும் முதல் வளைவு வலப்பக்கம் சுருளும், உடனே இடப்பக்கம் மடங்கும். கிளம்பிய வேகத்தில் எல்லோரும் அங்கே நெருக்கியடித்து வருவதால் முதல் சுற்றில் கொஞ்சம் முன்னதாகவே பிரேக் போட வேண்டும். கிள்ளான் பையன் போடவில்லை. எங்கள் மேல் மோதியே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எல்லோரையும் மணலில் தள்ளிவிட்டு முதலாவதாகப் போய்விட்டான். கேட்டால், “கேம்தானே அண்ணே.”

கேம்தான். ஆனால் அந்தக் காருக்குள் இருப்பவன் ஆள். வேலை போகுமோ என்று பகலெல்லாம் பயந்துவிட்டு, ராத்திரி ஒரு மணி நேரமாவது மறந்திருக்கலாம் என்று வந்தவன். அவனுடைய அந்த ஒரு மணி நேரத்தை முதல் வளைவிலேயே பிடுங்க யார் உரிமை கொடுத்தது? சாலையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். பக்கத்தில் போகிறவனை ஆளாக நினைக்கத் தெரியாதவனுக்குக் கண்ணாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

செப்பாங் இந்தச் சண்டைக்கெல்லாம் பேர்போன இடம். 2013 மார்ச்சில் எஃப்1 பந்தயத்தில் அணி போட்ட உத்தரவை மீறி வெட்டல் தன் அணிக்காரரான வெப்பரை முந்தினது இங்கேதான். 2015 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ரோஸியும் மார்க்கேஸும் உரசி, மார்க்கேஸ் விழுந்ததும் இங்கேதான், பதினாலாம் வளைவில். ரோஸிக்கு 3 தண்டப் புள்ளி போட்டார்கள். அதனால் வலென்சியாவில் கடைசி இடத்திலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று, பட்டமும் போயிற்று. யார் மேல் தப்பு என்பதில் அண்ணனும் நானும் இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

ஏப்ரல் 2
வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாதாம். வீட்டுக்கு ஓர் ஆள் மட்டும் வெளியே போகலாம். வரும் வழியில் போலீஸ் தடுப்பு.

ஏப்ரல் 9
அண்ணன் ஈப்போ பையனைத் தட்டிவிட்டார், கடைசி வளைவில். வேண்டுமென்று இல்லை, பிரேக் பிந்திவிட்டது. பையன் சுழன்று நின்றான். அண்ணன் முன்னே போய், நேர்ச்சாலை ஓரமாக ஒதுங்கி நிறுத்திவிட்டார். எங்கள் கார்கள் எல்லாம் தாண்டிப் போயின. பையன் திரும்பித் தடத்தில் ஏறி, அவரைக் கடந்த பிறகுதான் கிளம்பினார். கடைசியாக முடித்தார். நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குழுவில் அப்படி விதியும் கிடையாது. மைக்கில் “சாரி தம்பி” என்றதோடு சரி.

பின்னால் நின்று பார்த்த அம்மா, “ஏண்டா பெரியவன் நிக்கிறான், வண்டி கெட்டுப்போச்சா?” என்றார். சொன்னேன். “அவன் சின்னதிலேயே அப்படித்தான்” என்றார். எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 14
சித்திரைப் புத்தாண்டு. கோயில் இல்லை. பாயசம் வைத்து வீடியோவில் காட்டினோம்.

ஏப்ரல் 21
இன்று அண்ணனோடு நேரடியாகவே சண்டை. இரண்டாம் வளைவில் நான் உள்பக்கம், அவர் வெளிப்பக்கம். திரும்பும் இடத்தில் என் முன்சக்கரம் அவருடைய கதவுக்கு நேராக இருந்தது. அப்படி இருந்தால் எனக்கு ஒரு கார் அகலம் இடம் விட வேண்டும். வெறும் மூக்கு அவர் பின்டயர் பக்கம் எட்டிப்பார்த்தால் எனக்கு உரிமை இல்லை. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. அவர் இடம் விடாமல் மூடினார், இடித்தார். என் ரீப்ளேயில் அப்பட்டமாகத் தெரிகிறது. அனுப்பினேன்.

அவர் தன்னுடையதை அனுப்பினார். அதில் என் கார் அவ்வளவு முன்னால் வரவே இல்லை. மூக்கு மட்டும்தான்.

இரண்டையும் மாறி மாறி ஓடவிட்டேன். யாரும் பொய் சொல்லவில்லை. என் கார் இருக்கும் இடம் அவர் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அவருடையது இங்கே வரவும் அப்படித்தான். அந்த இடைவெளியை இரண்டு கம்ப்யூட்டரும் அவையவை ஊகித்து நிரப்பிக்கொள்கின்றன. பந்தய வேகத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு என்றால் அதற்குள் ஒரு கார் முழுதாகவே நகர்ந்துவிடும். ஐரேசிங் என்ற இன்னொரு பந்தய கேமில் இதனால்தானோ என்னவோ, புள்ளி போடும்போது யார் தப்பு என்று பார்ப்பதே இல்லை. தடத்தை விட்டு வெளியேறினால் 1, கட்டுப்பாடு இழந்தால் 2 என்று அவரவர் கணக்கில் ஏறும்; இரண்டு கார் பலமாக மோதினால் இருவர் கணக்கிலும் 4 ஏறும். அநியாயம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

படுத்த பிறகு தைப்பூசத்துக்கு முந்தைய போன் பேச்சு ஞாபகம் வந்தது. “வர்றேன்னு சொன்னீங்க” என்றேன் நான். “பார்க்கலாம்னுதான் சொன்னேன்” என்றார் அவர். அதற்கு ரீப்ளே கிடையாது.

மே 4
இண்டிகார்காரர்களின் இணையப் பந்தயத்தில் வெற்றியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த எஃப்1 ஓட்டுநர் லாண்டோ நோரிஸுக்கு முன்னால் சீமோன் பஜெனோ வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, மோத வைத்துவிட்டாராம். 2019இல் இண்டியானாபொலிஸ் 500 ஜெயித்த மனிதர்! நிஜத் தடத்தில் இதைச் செய்ய அவருக்குக் கை வருமா? நெஞ்சு கொதிக்கிறது. கிள்ளான் பையன் இனி இதைத்தான் எடுத்துக் காட்டுவான்.

மே 13
கிள்ளான் பையன் வரவில்லை. அவன் அப்பாவுக்குச் சம்பளம் பாதியாம். ஈப்போ பையன் சொன்னான்.

மே 30
குழுவுக்கு விதி எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு நேராக முன்சக்கரம் வந்தால் ஒரு கார் அகலம் விட வேண்டும். வழி மறிக்க ஒரு தடவைதான் தடம் மாறலாம், பிரேக் போட்ட பிறகு மாறவே கூடாது. சுழன்று நின்றால் பிரேக்கை விடக்கூடாது; நிற்கிற காரைச் சுற்றிப் போய்விடலாம், உருளுகிற காரை எப்படிக் கணிப்பது? தட்டிவிட்டவர் ஓரமாக நின்று இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை எழுதும்போது அண்ணன் பெயரைப் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு ரீப்ளேயும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இன்று ராத்திரி அண்ணனிடம் கேட்க வேண்டும். கிள்ளான் பையனுக்கும் ஒரு மெசேஜ் போட வேண்டும், விதியைப் பற்றி அல்ல.