எத்தனையில் எத்தனை?

ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த வேலை இது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களைப் பற்றி நான் எழுதிய பழைய பத்திரிகை நறுக்குகளை ஸ்கேன் செய்து, டெசராக்ட் மென்பொருளால் எழுத்தாக மாற்றி வருகிறேன். மொத்தம் 1,140 படங்கள். அதற்கெனக் கட்டளை வரியில் ஓடும் சிறு பைத்தன் நிரலொன்றை நானே எழுதினேன்.

முதல் நாள் கறுப்புத் திரையில் ஒரு சொல்லும் வரவில்லை. உறைந்துவிட்டதென எண்ணி இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் முடிவில் சேமிக்கும்படி எழுதியிருந்ததால் அத்தனையும் வீண். மறுநாள் கணக்கிட்டபோதுதான், இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும் என்று தெரிந்தது.

ஆகவே முன்னேற்றங்காட்டி ஒன்றைச் சேர்த்தேன். கணக்கு எளிது: முடிந்ததை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். அதை ஒரே வரியில் காட்டுவதற்கு என் பழைய தொழிலே கைகொடுத்தது. டெலிபிரிண்டரில் வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவதும் தாளை ஒரு வரி ஏற்றுவதும் இரு தனிக் குறிகள். முதலாவதை மட்டும் அனுப்பினால் பழைய வரியின் மேலேயே புதியது விழும். அன்று அது பிழை. இன்று அதுவே உத்தி. 41 மறைந்து 42 தோன்றுகிறது. விளைவுக் கோப்பில் கலந்துவிடாதிருக்க, அதைப் பிழைச்செய்திகள் செல்லும் வழியில் அனுப்பினேன்.

மொத்தம் தெரியாதபோது சுழலும் கோடு ஒன்றைக் காட்டுவார்கள். 'ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதைக் கண்டதும் அப்பாவின் நினைவு வந்தது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் எம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிகுந்த 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மொத்தம் அரசுகளுக்குத் தெரிந்திருந்தது. லயத்தில் இருந்தவருக்குத் தம் முறை எப்போதென்று தெரியவில்லை. அப்பா ஒரு நாட் சம்பளத்தை இழந்து பஸ் ஏறிப் போய்க் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "பரிசீலனையில் இருக்கிறது." பதில் வருமுன் அவர் காலமானார். எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்த சட்டம் 2003இல் வந்தது.

நிரல் எழுதும் பிள்ளைகளே, மொத்தம் தெரியாவிட்டால் பொய்ச் சதவீதம் காட்டாதீர்கள். தெரிந்தால் மறைக்காதீர்கள். காத்திருப்பவருக்கு அந்த எண்ணைச் சொல்வது ஒரு மரியாதை.

இதை எழுதும்போது என் திரையில்: 1,140இல் 612.