நேர்ச்சை இல்லாத நடை

நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பது நம் நாட்டுப்புறங்களில் எழுதப்படாத சட்டம். ஆண்களுக்கு அது அத்துணைக் கடுமையானதன்று. மாலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரை வரை போய்வருகிறவரை எவரும் நிறுத்தி வினவுவதில்லை. பெண் நடந்தால், எங்கே போகிறாள் என்பதற்கான விடை அவளிடம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கவேண்டும். இடுப்பில் குடம், தலையில் புல்லுக்கட்டு, கையில் தூக்குச்சட்டி, இவை இல்லையெனில் செபமாலை. இவற்றில் எதையும் காரணமாகக் காட்டாமல் பதின்மூன்று பெண்கள் மூன்று நாள் கடலோரமாக நடந்துவந்த செய்தியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அவர்கள் பிளவக்கல் பக்கத்தவர்கள். ஸ்ரீவில்லிப்புத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பைக் கடந்து மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடைந்தால், பெரியாறு, கோவிலாறு என்னும் இரு சிற்றாறுகளின் குறுக்கே இரு அணைகள் நிற்கின்றன. இரண்டிற்கும் சேர்த்துப் பிளவக்கல் என்று பெயர். (முல்லைப் பெரியாறு வேறு, இந்தப் பெரியாறு வேறு.) உயரத்தில் ஐம்பது அடியைக்கூட எட்டாத அணைகள்தாம், ஆயினும் வட்டாரத்துக் கண்மாய்கள் நிறைவதும் நெல் விளைவதும் இவற்றை நம்பியே. அணைக்கு மேலுள்ள காடு, சாம்பல்நிற அணில்களின் சரணாலயமாக இருந்து, 2021இல் ஸ்ரீவில்லிப்புத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஆகவே மலைப்பக்கம் விரும்பியபடி கால்போக முடியாது. கீழே வயல் வரப்பிலும் தென்னந்தோப்பிலும் நடப்பதோ வேலை. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் இப்பெண்கள் நாள்தோறும் நடக்கும் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் கன்னியாகுமரியும் காசியும் கிட்டத்தில்தான்.

நம் பங்கின் மகளிர் சுய உதவிக் குழுவில் 20 பேர் உள்ளனர். தமிழகத்தில் இத்தகைய குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் எங்கும் பரவியவை. சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன், தவணை ஆகிய நான்கைத் தவிர வேறு சொல் அவர்களுடைய கூட்டங்களில் நம் காதில் விழுந்ததில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியில், ஓராண்டாகத் தனியே எடுத்துவைத்த ஒரு சிறு தொகையை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, குழுவின் மூத்தவரான கைம்பெண் ஒருவர், "கடலோரமா மூணு நாள் நடந்துட்டு வருவோம்" என்றார். நாற்பது ஆண்டுகள் நாற்றுப் பிடுங்கிய கைகள் அவருடையவை. "எதுக்கு மதினி?" என்று யாரோ கேட்டார்கள். "எதுக்குமில்ல" என்றார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. அடங்கிய பிறகு பார்த்தால், எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீடுகளில் எவரும் சிரிக்கவில்லை. சோறு யார் ஆக்குவது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்ற கேள்விகளுக்கு எப்படியோ விடை கிடைத்தது. எதற்கு என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை. பங்குப் பேரவையில் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். பிறக்கப்போவது யூபிலி ஆண்டு. திருத்தந்தை பிரான்சிசு "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்பதையே அதன் மையக்கருத்தாகத் தந்திருக்கிறார். எனவே யூபிலித் திருப்பயணம் என்று பீடத்தில் அறிவித்துவிட்டால் எந்தக் கணவரும் மறிக்கமாட்டார், நிறைபேறுபலனும் கிட்டும் என்றார். பெண்களில் பலருக்கும் இது உவப்பாகவே இருந்தது. மூத்தவர் மட்டும் இசையவில்லை. "வேண்டிக்கிடாத வேண்டுதல வேண்டுனதாச் சொல்லிட்டு, மாதா முகத்துல எப்படிச் சாமி முழிக்கிறது?" என்று நம்மைக் கேட்டார். வேளாங்கண்ணிக்கு இருமுறை நடந்தவர் அவர். மகன் உயிர் பிழைக்க ஒருமுறை, மகளுக்குத் திருமணம் கூட ஒருமுறை. நேர்ச்சையின் கனத்தைக் கால்களில் அறிந்தவர். அதனால்தான் அச்சொல்லை இரவலாகத் தரவோ பெறவோ அவர் மறுத்தார். தவக்காலத்தில் போனால் ஒறுத்தல் முயற்சி என்று ஆகிவிடும் என்பதால், மார்ச் 5ஆம் நாள் வரவிருந்த சாம்பல் புதனுக்கு முன்பே, அறுவடை முடிந்து களம் காலியாகும் பிப்ரவரி இறுதியில் நாள் குறித்தார்கள். உண்மையைச் சொன்னதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 20 பேரில் ஏழு பேருக்கு வீட்டில் இசைவு கிடைக்கவில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தி, செல்வதற்கு இசைவு பெற்ற ஒருவரின் மருமகள். மாமியாரைப் போகச் சொன்ன அதே வாய் மனைவியை வேண்டாம் என்றது.

இதை எழுதும்போது குருமடத்தில் ஐந்நூல் பயின்ற நாள்கள் நினைவுக்கு வருகின்றன. ஓய்வுநாள் கட்டளை விடுதலைப் பயண நூலிலும் உண்டு, இணைச்சட்ட நூலிலும் உண்டு; ஆனால் காரணம் வேறுவேறு. முன்னதில், படைத்தவர் ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்பது காரணம். பின்னதில், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பது காரணம்; அங்கே அடிமைப் பெண்ணும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்று தனியே எடுத்துரைக்கப்படுகிறது. ஓய்வெடுக்க வேண்டியவர்களின் வரிசையில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, ஊருக்குள் தங்கிய அன்னியன் அனைவரும் உளர். மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. "நீ" என்பதிலேயே அவள் அடக்கம் என்பது உரையாசிரியர் பலரின் விளக்கம். இந்த விளக்கத்தை ஒருமுறை அன்பியக் கூட்டத்தில் சொன்னோம். "அடக்கம்தான் சாமி, ஞாயித்துக்கிழமைக் கறிச்சோறும் அதுலதான் அடக்கம்" என்று ஒரு பெண் சொன்னார். எந்த உரைநூலிலும் நாம் காணாத விளக்கம் அது. யூபிலியின் வேரும் ஓய்வுதான். லேவியர் நூல், நிலத்தைக்கூட உழாமல் விடச் சொல்கிறது. நிலத்திற்கு உரியது அதில் உழைப்பவளுக்கு இல்லையா என்பதையே நாம் பேரவையில் கேட்டோம். அதற்கு மறுமொழி வரவில்லை, இசைவும் வரவில்லை.

பெண்கள் கூடி நடப்பது நம் மண்ணுக்குப் புதியதும் அன்று. ஸ்ரீவில்லிப்புத்தூர் ஆண்டாளின் திருப்பாவையில், தோழியரை வீடுவீடாக எழுப்பிக்கொண்டு விடியுமுன் புறப்படுவது பெண்கள் கூட்டமே. திருச்சபையின் வரலாற்றிலோ, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எஜேரியா என்னும் பெண் புனித நாட்டிற்கும் சீனாய் மலைக்கும் பயணம் செய்து, தாம் கண்டதையெல்லாம் ஊரிலிருந்த சகோதரிகளுக்கு எழுதினார். அவ்வேட்டின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரெசோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. இன்றோ, வேல்சு நாட்டின் கரை நெடுக 1,400 கிலோமீட்டர் நடைபாதை 2012இல் திறக்கப்பட்டு, வசந்தத்தில் பெண்கள் குழுக்களாக அங்கே விடுமுறை நடை நடக்கிறார்கள். நமக்குப் பாதையும் இல்லை, வசந்தமும் இல்லை. மாசி நமக்குப் பின்பனி. இளவேனில் என்று ஏட்டில் சொல்லும் சித்திரையில் மணல் கொதிக்கும்.

சிற்றுந்தில் புறப்பட்டவர்கள் நேர்வழியாகப் போகவில்லை. பிளவக்கல்லில் புறப்படும் நீர் அர்ச்சுனா ஆறாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து, விளாத்திகுளம் வழியே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்தத் தடத்திலேயே போய், ஆறு கடலில் விழும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்பது மூத்தவரின் ஒரே வேண்டுகோள். பார்த்தார்கள். மாசியில் அங்கே ஆறு இல்லை. மணலும் சீமைக்கருவேலமும் இருந்தன, அப்பால் உப்பளங்கள். "நம்ம வயக்காடு குடிச்சது போக இவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல" என்றாராம். அன்று சிற்றுந்தில் வெகுநேரம் எவரும் பேசவில்லை என்று பின்னர் கேள்வியுற்றோம்.

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகியவை முத்துக்குளித்துறையின் பழைய ஏழு கடல்துறைகள். வைப்பாற்றைப் பார்த்தபின், வீரபாண்டியன்பட்டினத்தில் இறங்கித் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். முதல் நாள் திருச்செந்தூர்க் கோயில் கரை வழியே ஆலந்தலை. இரண்டாம் நாள் குலசேகரப்பட்டினம் வழியே மணப்பாடு. மணல் பாதத்தை விழுங்கும் இடங்களில் சாலைக்கு ஏறினார்கள்; அலை நனைத்து இறுகிய மணல் கிடைத்தால் மீண்டும் இறங்கினார்கள். திருச்செந்தூரில், பாதயாத்திரையாய் வந்திருந்த பெண்கள், "எந்த ஊருக்கு? என்ன வேண்டுதல்?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றதும், சொல்லக்கூடாத வேண்டுதல் போலும் என்று எண்ணி, இரக்கத்தோடு பழம் கொடுத்து அனுப்பினார்களாம். இந்தக் கேள்வியும் இந்த இரக்கமும் ஊருக்கு ஊர் அவர்களைத் தொடர்ந்தன.

மணப்பாட்டில் நாம் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். 1542இல் இக்கரைக்கு வந்த தூய சவேரியார் தங்கிய குகையும், 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோவிலும், கடலுக்குள் நீட்டிய கரம் போன்ற அம்மணற்குன்றில்தான் உள்ளன. சவேரியார் இக்கரையில் நடந்தே பணிசெய்தவர். 1544இல், படையெடுப்புக்கு அஞ்சிக் குமரிப் பக்கம் ஒதுங்கித் தவித்த மக்களுக்காகப் படகுகளில் உணவேற்றிக்கொண்டு இங்கிருந்து புறப்பட்டார், எதிர்க்காற்று விடவில்லை, தரைவழியே நடந்து போனார். அவர் நடைக்குக் காரணம் இருந்தது. இதைக் கதையாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது, பெண்களில் ஒருவர், "திரும்பி வரையில?" என்று கேட்டார். போகும்போது பசித்தவர்களை நினைத்து நடந்திருப்பார். வரும்போது கடலைப் பார்த்திருக்கமாட்டாரா என்பது அவர் கேள்வியின் பொருள். புனிதரின் வரலாற்று ஆசிரியர்கள் இதைக் கேட்டிருப்பார்களா என்பது நமக்கு ஐயமே.

மறுநாள் விடியற்காலைத் திருப்பலிக்குப் பின் பெரியதாழை நோக்கி நடந்தோம். கச்சான் காற்று எழாத காலம். கடல் அடங்கிக் கிடந்தது. குன்றுகளில் அடும்பங்கொடி பூத்திருந்தது. இராவணன் மீசை காற்றில் உருண்டோடியதைச் சிறுமிகள் போலத் துரத்தினார்கள். உள்ளே தேரிப்பக்கம் பனையில் பாளை சீவத் தொடங்கியிருந்தார்கள். வழியில் பதனீர் கிடைத்தது. விண்வெளி ஏவுதளத்திற்கென அடிக்கல் நாட்டப்பட்ட பகுதியும் (2024 பிப்ரவரி 28) அவ்வட்டாரத்தில்தான். பேச்சு மெல்லக் குறைந்தது. வேலையில்லாமல் நடக்கும்போது முதல் நாள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை என்றார் ஒருவர்; மூன்றாம் நாள் கை தானாக வீசியதாம்.

பெரியதாழைக்கு அருகே கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சும்மாதான் ஆத்தா" என்றார் நம் மூத்தவர். அவர் நிமிர்ந்து பார்த்து, "சும்மாவா? சும்மா நடக்க வந்தியளா?" என்று இருமுறை கேட்டுவிட்டு உரக்கச் சிரித்தார். அந்த மூன்று நாளில் இரக்கப்படாமல் சிரித்தவர் அவர் ஒருவர்தான் என்று பின்னர் சொன்னார்கள். பிறந்தது முதல் கடலடியில் இருப்பவர். மீன்கூடை இல்லாமல் இந்த மணலில் நடந்ததே இல்லை என்றார். கருவாட்டைக் காக்கையிடமிருந்து காக்கப் பேத்தியை உட்காரவைத்துவிட்டு, தூண்டில் வளைவின் முனை தெரியும் இடம்வரை வெறுங்கையோடு உடன் நடந்து வந்தார். அங்கே நின்றுகொண்டார். நாங்கள் உவரி நோக்கிப் போவதை வெகுநேரம் பார்த்திருந்தார்.

அந்தக் கோடையில், ஜூன் மாதத்தில், கூமாப்பட்டி பெயர் பெற்ற கதையை வாசகர்கள் அறிவர். ஓர் இளைஞரின் கைப்பேசிக் காணொளியைக் கண்டு, எங்கெங்கிருந்தோ மக்கள் பிளவக்கல் அணையைப் பார்க்கத் திரண்டு வந்தார்கள். அவர்களிடம் என்ன நேர்ச்சை என்று நம் ஊரில் எவரும் கேட்கவில்லை. இதை அந்த ஏழு பெண்களும் கவனித்திருந்தார்கள். வீடுகளில் எடுத்துச் சொல்லவும் செய்தார்கள்.

குழுவின் தீர்மானப் புத்தகத்தில் செலவுக்கு நோக்கம் எழுதவேண்டும். கணக்குப் பார்க்க வந்தவர், பயிற்சி என்று எழுதிவிடுங்கள், தணிக்கையில் கேள்வி வராது என்றாராம். "கடலோரம் நடந்தது" என்றே எழுதியிருக்கிறார்கள்; கீழே பதின்மூன்று கையெழுத்துகள், இரண்டு கைநாட்டு. அடுத்த நடை வைப்பாற்றிலிருந்து வேம்பாருக்கு. அறுவடையைப் பொறுத்து நாள் குறிப்பார்கள். அதற்கான பட்டியலில் சேர்ந்த முதல் பெயர் அந்த மருமகளுடையது. மாமியார் எழுதப்போனபோது பேனாவை வாங்கித் தானே எழுதினாளாம். கணவர் இன்னும் இசைவு தரவில்லை.