மூன்று நாள் கணக்கு

ஞானஸ்நானத் தேதியிலிருந்து மூன்று நாளைக் கழித்தால் பிறந்த நாள் வந்துவிடும் என்று இங்கிலாந்து வம்சாவளி தேடுகிற சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே பழைய ஆலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானம்தான் இருக்கும். பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது. இந்தக் கணக்கு எங்கிருந்து கிளம்பியது என்று தேடினேன்.

தேடல் ஷேக்ஸ்பியரிடம் கொண்டுபோய் விட்டது. ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோலி டிரினிட்டி ஆலயப் பதிவேட்டில், ஜானின் மகன் வில்லியமுக்கு 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் என்று லத்தீனில் ஒரே வரி. அவர் பிறந்த நாளாக ஊரறிந்த ஏப்ரல் 23 அதில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஓல்டிஸ், ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஆகிய இரு அறிஞர்கள் வழியாக வந்த தேதி அது. அவர் இறந்தது 1616 ஏப்ரல் 23. அது புனித ஜார்ஜ் திருநாளும்கூட. பிறப்பும் அன்றே என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனாலும் அதை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியவில்லை. பிறந்ததற்கு அடுத்த ஞாயிறையோ திருநாளையோ தாண்டி ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றது அன்றைய ஜெபப் புத்தகம். அந்த ஏப்ரல் 23 ஒரு ஞாயிறு. அடுத்த திருநாள் 25, புனித மாற்கு நாள். அதை ஆகாத நாள் என்று மக்கள் அஞ்சியதால் ஒருநாள் தள்ளியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 53ஆம் வயது நடக்கையில் இறந்தார் என்கிறது அவருடைய நினைவுச்சின்னம். அப்படியானால் 23க்குப் பிறகு பிறந்திருக்க முடியாது. அந்த வாசகத்தைப் பொறுத்தவரை 22, 21 என்று பின்னோக்கிப் போகத் தடையில்லை.

எனக்கு அந்த அவசரம்தான் மனதில் நிற்கிறது. முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் வில்லியமின் பெற்றோர் மார்கரெட் என்ற கைக்குழந்தையை அடக்கம் செய்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாமலே பிள்ளை போய்விடுமோ என்ற பயம் எந்த விதியையும்விடப் பெரிது. வில்லியம் பிறந்த ஆண்டின் கோடையில் ஊருக்குள் கொள்ளைநோயும் வந்தது.

ஒரு குழந்தைக்குப் பொருந்துகிற கணக்கை எல்லோர் மேலும் போட்டால் என்ன ஆகும்? 1608 டிசம்பர் 9இல் பிறந்த மில்டனுக்கு ஞானஸ்நானம் 20ஆம் தேதி. 1642 கிறிஸ்துமஸில் பிறந்த நியூட்டனுக்கு ஜனவரி 1. ஜேன் ஆஸ்டின் பிறந்தது 1775 டிசம்பர் 16. குருவானவரான அப்பாவே மறுநாள் வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். ஆலயத்தில் சடங்கு நடந்ததோ குளிர்காலம் கழிந்து 1776 ஏப்ரல் 5இல்! அந்தத் தேதியை மட்டும் கையில் வைத்திருப்பவர் மூன்று நாளைக் கழித்து ஏப்ரல் 2 என்று எழுதிவிடுவார்.

பெர்ரி, ஸ்கோஃபீல்டு இருவரும் 1971இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய வெளிச்சம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏறக்குறைய ஒரு வாரமாக இருந்த இடைவெளி, 18இன் இறுதியில் ஒரு மாதமளவுக்கு நீண்டிருக்கிறது. ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. இரண்டு தேதிகளையும் பொறுமையாகக் குறித்துவைத்த குருமார்களின் ஏடுகளிலிருந்துதான் இதைக் கண்டார்கள். இப்போதெல்லாம் ஒரு ஊரின் பதிவேட்டைத் திறந்தால், அப்படி ஒருவர் அங்கே இருந்தாரா என்றுதான் முதலில் தேடுகிறேன். இல்லையென்றால், பிறந்த தேதிக்கான இடத்தில் ‘இந்நாளிலோ அதற்கு முன்போ’ என்று மட்டும் எழுதுகிறேன்.