தலைக்கயிறு

"மாடு மேய்க்கத்தான் நீ லாயக்கு" என்று பள்ளி நாட்களில் என்னைப் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் ஒரு காளைக்கன்றைப் பத்தடி தூரமாவது கயிறு பிடித்து நடத்தியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

எங்கள் ஊர் காங்கயத்தை அடுத்த வானம் பார்த்த பூமி. கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு நாலு வெள்வேல மரம். அங்கே பிறந்தவன்தான் செவலை. காங்கயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறமாயிருக்கும். ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். இவனும் மயிலையாக மாறிவிட்டான். பெயர் மட்டும் செவலையாகவே நின்றுவிட்டது.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் மாடுகளுக்குப் பேர்போன சந்தை. தட்டுப்போர் கரைந்துகொண்டிருந்த ஒரு தை மாதம், செவலையை அங்கே விற்பதென்று வீட்டில் முடிவாயிற்று. முன்பின் தெரியாதவர் கயிற்றைப் பிடித்தாலும் மிரளாமல் நடக்க வேண்டும். மிரளுகிற கன்றை யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள். பழக்கும் பொறுப்பை அப்பாரு என்னிடம் ஒப்படைத்தார்.

அவனுக்கு அப்போது எட்டு மாதம். மூக்குக் குத்தும் வயதில்லை. முதல் வாரம் கயிறே வேண்டாம் என்றார் அப்பாரு. கட்டுத்தரையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வரலாற்றுப் பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். அவன் தூரத்தில் நின்று காதை மட்டும் என் பக்கம் திருப்புவான். நாலாம் நாள் என் கையிலிருந்த பருத்திக்கொட்டையை நக்கினான். பிறகு அலைதாடியைச் சொறிந்துவிட்டேன். வால் அடியில் சொறிந்தால் அவனுக்குக் கண் சொருகிவிடும். மாட்டுக்கு இருபுறமும் நன்றாகத் தெரியும். நேர் பின்னால்தான் தெரியாது. ஆகவே தோள் பக்கமாகவே நெருங்க வேண்டும்.

அடுத்து, பருத்தி நூல் கயிற்றைக் கழுத்தைச் சுற்றி, முகத்தின்மேல் வளைத்து, தாடைக்கடியில் முடிந்து, நுனியைத் தரையில் இழுபட விட்டோம். கயிற்றைத் தானே மிதிப்பான், தலை இழுபடும், காலை எடுத்தால் இளகும். எதிர்த்தால் இறுகும், இணங்கினால் இளகும் என்பதைக் கயிறே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. நடத்தும்போதும் அதே வழிதான். மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். அவன் ஓரடி எடுத்து வைத்த அந்தக் கணமே தளர்த்திவிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடத்தினால் இன்னும் சுலபம். போகிற இடத்தில் அவனுக்கும் ஒரு வேலை இருக்கிறதல்லவா?

இருபது நாளில் எனக்குக் கர்வம் வந்துவிட்டது. சோம்பலில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தேன். பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. செவலை பாய்ந்தான். கயிறு அவிழ்வதற்குள் வேலி வரை இழுபட்டேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. எழுந்ததும் ஒரு விளாரை ஒடித்து அவனை அடித்தேன். அவன் பயந்த காரணத்தை நினைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் சிரித்ததுதான் என் காதில் விழுந்தது.

அன்று மாலை நான் போனதும் கட்டுத்தரையின் மறுகோடிக்கு ஒதுங்கி நின்றான். பருத்திக்கொட்டையையும் தொடவில்லை.

"நீங்களே பழக்கீருங்க அப்பாரு" என்றேன்.

"அடிச்சவன் நீ. நீதான் போவோணும், கண்ணு."

மறுபடியும் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தேன். முதல் தடவை நாலு நாளில் வந்தவன், இம்முறை பதினோரு நாள் எடுத்துக்கொண்டான்.

சந்தையில் அவன் யாரையும் முட்டவில்லை. ஒருவர் பல்லைப் பார்த்தார், ஒருவர் சுழி பார்த்தார், அசையாமல் நின்றான். துண்டுக்கடியில் விரல்கள் பேசி விலை முடிந்தது. வாங்கியவர் புதுக் கயிற்றைப் பூட்டி, எங்கள் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தார். விற்றவர் வீட்டுக் கயிறு மாட்டோடு போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறகு மெல்ல இழுத்தார். செவலை ஒரு கணம் நின்று, காதை என் பக்கம் திருப்பினான். நான் எதுவும் சொல்லவில்லை. ஓரடி எடுத்து வைத்தான். அவர் கயிற்றைத் தளர்த்தினார். நான் பழக்கியபடியே, அவருக்குப் பின்னால் நடந்து போனான்.

திரும்பும் பேருந்தில் அப்பாரு பணத்தை இரண்டு தரம் எண்ணினார். கயிறு என் மடியில் இருந்தது.