கையடக்கத் தூசி உறிஞ்சி வாங்கலாமா?

நிலவில் துளையிட அப்பல்லோ வீரர்களுக்குக் கம்பியில்லாத் துளைப்பானை உருவாக்க உதவிய பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம்தான், 1979-இல் 'டஸ்ட்பஸ்டர்' என்னும் கையடக்கத் தூசி உறிஞ்சியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நிலவுக்குப் போன நிறுவனம் முறுக்குத் தூள் பொறுக்கவும் வந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு!

இக்கருவி கூடத்தைக் கூட்டுவதற்கன்று. ஒருமுறை மின்னேற்றினால் பத்து, இருபது நிமிடம் ஓடினாலே பெரிது. கோலமாவு போன்ற நுண்பொடி வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். கழுவிய வடிகட்டியை ஈரத்தோடு பொருத்தக் கூடாது. ஈரத்தையும் உறிஞ்சும் வகையாக இல்லாவிட்டால், சிந்திய மைலோவின் அருகே கொண்டுபோகவும் கூடாது.

பின் ஏன் வாங்கினேன்? பேரப்பிள்ளைகள் பிஸ்கட்டைச் சிந்தியவுடன் கூட்டுமாற்றைத் தேடி எழுபவர் என் அம்மா. முழங்கால் வலியோடு குனிவார், தடுத்தாலும் கேட்கமாட்டார். இப்போது சிந்திய பிள்ளைகளே உறிஞ்சப் போட்டியிடுகிறார்கள். அம்மா அமர்ந்தபடியே, "அந்த மூலையில இன்னும் கிடக்குது பாரு, ஐயா" என்று மேற்பார்வை செய்கிறார். இந்த ஒன்றுக்கே கொடுத்த ரிங்கிட் தகும் என்பேன். மகிழுந்து இருக்கையின் இடுக்குகளுக்கும் இது நன்கு உதவுகிறது.

வாங்க விரும்புவோர் வாட் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அது கருவி செலவிடும் மின்திறன், உறிஞ்சும் விசையன்று. மாற்று வடிகட்டியும் மின்கலனும் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்.