லாரியே சரக்காகும்போது

அமெரிக்காவில் ஒரு செமி டிரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. அதன் சொந்தச் சக்கரங்களில் ஓட்டிப் போகலாம். முன்சக்கரங்களைத் தூக்கி இன்னொரு டிரக்கின் முதுகில் மாட்டி இழுத்துப் போகலாம். முழு வண்டியையும் தாழ்வான டிரெய்லரில் ஏற்றிப் போகலாம். பின்னால் வரும் நீளமான சரக்குப் பெட்டி இங்கே கணக்கில் இல்லை. இஞ்சினும் கேபினும் உள்ள முன்பகுதி மட்டும்தான் சரக்கு. டெக்சாஸின் டென்டனில் பீட்டர்பில்ட், ஒஹையோவின் சில்லிகாத்தியில் கென்வொர்த், வர்ஜீனியாவின் டப்ளினில் வால்வோ, பென்சில்வேனியாவின் மக்கஞ்சியில் மாக் என்று தொழிற்சாலைகள் ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. வாங்குகிறவர் எந்த மூலையிலும் இருப்பார். ஏலத்தில் கைமாறும் பழைய வண்டிகள், குத்தகை முடிந்து திரும்பும் வண்டிகள், வழியில் இஞ்சின் போய் நின்ற வண்டிகள் ஆகியவையும் ஊர் மாற வேண்டியவைதான்.

எந்த வழி என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் உயரம். எடையில் அவ்வளவு சிக்கல் வராது. நெடுஞ்சாலையில் மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு. படுக்கை வசதியுள்ள ஒரு டிரக் சுமார் 17,000 முதல் 20,000 பவுண்டு வரைதான் இருக்கும். ஆனால் அதன் கூரை தரையிலிருந்து சுமார் 13 அடி. கிழக்கு மாநிலங்களில் அனுமதி இல்லாமல் போகக்கூடிய உயரம் பொதுவாக 13 அடி 6 அங்குலம். மேற்கே பல மாநிலங்களில் 14 அடி. சாதாரண தட்டை டிரெய்லரின் தளமே ஐந்தடி உயரம். அதன்மேல் இந்த வண்டியை ஏற்றினால் 18 அடி ஆகிவிடும். படி வைத்த டிரெய்லரின் தாழ்ந்த தளத்தில் 16 அடிக்கு மேல். தரையை ஒட்டிய லோபாயில் 15 அடியை ஒட்டி வரும். இன்டர்ஸ்டேட் பாலங்களுக்கு ஊர்ப்புறத்தில் 16 அடி இடைவெளி என்பது விதி. நகரங்களுக்குள் 14 அடிகூட ஏற்கப்பட்டது. ஆக, உயரமான கேபின் கொண்ட வண்டியை ஏற்றிப் போவதென்றால் தாண்டும் ஒவ்வொரு மாநிலத்திடமும் தனித்தனியாக அனுமதிச் சீட்டு வாங்கி, அவர்கள் சொல்லும் சாலையில், அவர்கள் சொல்லும் நேரத்தில்தான் போக வேண்டும். படுக்கை இல்லாத டே கேப் வண்டியின் நிலைமை வேறு. கூரைமேல் போல்ட் போட்டு மாட்டிய காற்றுத் தடுப்பைக் கழற்றினால் அது பத்தடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். படி வைத்த டிரெய்லரிலேயே ஏறிவிடும்.

ஓட்டிப் போவதுதான் பழைய, எளிய வழி. டிரெய்லர் இல்லாமல் தனியாக ஓடும் டிரக்கைத் தொழிலில் பாப்டெயில் என்பார்கள். பாரம் இல்லையே, லேசாகப் போகுமே என்று புதியவர்கள் நினைப்பார்கள். அது ஆபத்தான நினைப்பு. இந்த வண்டியின் பிரேக்கும் பின்பக்க ஸ்பிரிங்கும் பாரம் ஏறிய நிலைக்காக அமைக்கப்பட்டவை. பின் ஆக்சில்கள்மேல் எடை இல்லாதபோது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் துள்ளும், ஈரச் சாலையில் வழுக்கும், வண்டி நிற்கப் பிடிக்கும் தூரம் கூடும். முன்னே போகும் வண்டிக்கும் தனக்கும் இடையே பாரவண்டிக்கு விடுவதைவிட அதிக இடம் விடுவதுதான் பழகிய ஓட்டுநரின் அடையாளம்.

புது வண்டியென்றால் பெரிய கவலை இல்லை. ஏலத்தில் எடுத்த வண்டியை ஓட்டிப் போவதற்கு முன் அதன் பிரேக், டயர், ஸ்டியரிங் ஆகியவற்றை ஒருவர் அடியில் படுத்துப் பார்த்தாக வேண்டும். இஞ்சின் சத்தம் நன்றாக இருக்கிறது என்பது மலை இறக்கத்தில் உதவாது. பார்க்க ஆளில்லை என்றால், காசு கூடினாலும் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை. கலிபோர்னியா இன்னொரு காரணத்தாலும் ஏற்றி அனுப்பச் சொல்லும். 2023 ஜனவரி முதல் அங்கே ஓடும் கனரக டீசல் வண்டிகள் பெரும்பாலும் 2010 அல்லது அதற்குப் பிந்தைய இஞ்சின் கொண்டவையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய இஞ்சின் உள்ள வண்டி எல்லைவரை வந்தாலும் அதற்கு மேல் அதன் சக்கரம் உருளக்கூடாது.

ஓட்டுநருக்கான நேரக் கணக்கு எல்லோருக்கும் பொதுதான். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு, வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். நியூ ஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை போகும் ஐ-80 சாலை ஏறக்குறைய 2,900 மைல். ஒரே ஆள் ஓட்டினால் ஐந்து நாளுக்குக் குறையாது. மற்ற நெடுந்தூர ஓட்டுநர்களுக்கு 2017 டிசம்பரில் கட்டாயமான மின்னணுப் பதிவுக் கருவி இங்கே தேவையில்லை. ஓட்டப்படும் வண்டியே ஒப்படைக்க வேண்டிய சரக்காக இருந்தால் காகிதப் பதிவேடு போதும் என்று விதி விலக்களிக்கிறது. சேர்த்துவிட்டுத் திரும்பும் ஓட்டுநர் பேருந்திலோ விமானத்திலோதான் வருவார். அந்தச் செலவும் வாடகையில் ஏறும்.

அங்கிருந்துதான் இரண்டாவது வழி பிறக்கிறது. ஒரே ஊருக்கு நான்கு வண்டி போக வேண்டுமென்றால் நான்கு ஓட்டுநர் எதற்கு? முதல் வண்டியின் பின்னால், டிரெய்லர் மாட்டும் ஃபிப்த் வீல் தட்டில், ஒரு இரும்புச் சேணத்தைப் பூட்டுவார்கள். சேணத்தின் அடியில் டிரெய்லருக்கு இருப்பதைப் போன்ற கிங்பின் உண்டு. இரண்டாவது வண்டியின் முன் ஆக்சிலைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்து யூ போல்ட்டால் இறுக்குவார்கள். அதன் பின்சக்கரங்கள் மட்டும் தரையில் உருளும். அதன் முதுகில் மூன்றாவது, அதன் முதுகில் நான்காவது. இழுக்கும் வண்டிக்குப் பின்னால் மூன்று சேணங்கள் வரை மத்திய விதி அனுமதிக்கிறது. முழு வரிசையின் நீளம் 97 அடி வரை போகலாம். தொழிலில் இதை டெக்கிங் என்பார்கள். நெடுஞ்சாலையில் ஒன்றின்மேல் ஒன்று தொற்றிக்கொண்டு போகும் புது டிரக்குகளைப் பார்ப்பவர்களுக்குத் தூக்குவதுதான் பெரிய வேலை என்று தோன்றும். கிரேன் அதைச் சீக்கிரம் முடித்துவிடும். வண்டி கெடுவதும் கெடாததும் அதன் அடியில் நடக்கும் வேலையைப் பொறுத்தது.

இழுக்கப்படும் வண்டியின் பின்சக்கரம் உருளும்போது டிஃபரன்ஷியல் சுற்றும், புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும், அது கியர் பாக்ஸின் முக்கிய ஷாஃப்டையும் சுற்றும். இஞ்சின் நின்றிருப்பதால் கியர் பாக்ஸுக்குள் எண்ணெயை வாரி இறைக்கும் பக்க ஷாஃப்டுகள் சுற்றாது. நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே கதிதான். எண்ணெய் படாமல் நெடுஞ்சாலை வேகத்தில் உருளும் பேரிங்குகள் சூடேறிக் கருகிவிடும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. போய்ச் சேர்ந்து ஓட்டத் தொடங்கிய பிறகுதான் உள்ளே அரைபடும் சத்தம் கேட்கும். ஆகவே ஷாஃப்டைக் கழற்றாமல் எந்த வண்டியையும் இழுக்கக்கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் மீட்பு வண்டிக்காரர்களும் இதற்குக் கட்டுப்பட்டவர்களே. பக்கத்து ஊர்தானே என்று இதை விடுகிறவர்களால் பாழான கியர் பாக்ஸுகள் ஏராளம்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும் அது சேரும் நுகத்திலும் ஒரே கோடாகப் பெயின்ட்டில் ஓர் அடையாளம் போட வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு நேராகச் சேர்ந்தால்தான் ஷாஃப்ட் பழையபடி சமநிலையில் சுற்றும். ஒரு பல் மாறினாலும் வண்டி முழுக்க அதிர்வு வரும். பிறகு டிஃபரன்ஷியல் பக்கத்தில் ஷாஃப்டை நுகத்தோடு இணைக்கும் கிராஸ் என்ற சிலுவைத் துண்டின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். கிராஸ் வெளியே வந்தவுடன் அதன் நான்கு முனைகளில் விடுபட்ட இரண்டு தொப்பிகளும் எந்த நொடியும் நழுவும். தொப்பிக்குள் ஊசி போன்ற உருளைகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு தொப்பி மண்ணில் விழுந்தால் ஊசிகள் சிதறிவிடும். ஒன்று காணாமல் போனாலும் அந்தக் கிராஸ் பயன்படாது. கை தேர்ந்தவர் ஷாஃப்ட் கீழே இறங்குவதற்கு முன்பே இரண்டு தொப்பிகளையும் சேர்த்து டேப்பைச் சுற்றிவிடுவார். கழற்றிய போல்ட்டுகள் பெயர் எழுதிய பையில் கேபினுக்குள் போகும். ஷாஃப்டைக் கம்பியால் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டால் வழியில் அவிழ்ந்து சாலையில் விழக்கூடும். முழுதாகக் கழற்றிக் கட்டி வைப்பதே நல்லது.

ஷாஃப்டுக்குப் பதில் பின் ஆக்சிலின் உள்கம்பிகளை உருவுகிறவர்களும் உண்டு. அப்போது ஹப்பின் வாய் திறந்துவிடும். சக்கரப் பேரிங்குக்கான எண்ணெய் அந்த வழியாக வெளியேறும், தூசி உள்ளே போகும். இறுக்கமான மூடி போட்டால்தான் இந்த முறை சரிப்படும்.

அடுத்தது காற்று. கனரக வண்டியின் பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது காற்றழுத்தம். காற்று இறங்கினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வரிசையில் பின்னால் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் முன்வண்டியிலிருந்து காற்றுக் குழாய் இணைத்து, பிரேக் விடுவதையும் பிடிப்பதையும் ஒவ்வொரு சக்கரமாக நின்று பார்க்க வேண்டும். கடைசி வண்டிக்குக் காற்று போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதை ஓட்டுநர் காலில் பழக வேண்டும். கடைசி வண்டியின் பின்னால் விளக்குச் சட்டம் கட்டாயம். மூன்று சேண வரிசையைப் பின்னோக்கி எடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரும் எந்த நிறுத்தத்துக்குள்ளும் நுழையாமல், வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைத்துக்கொள்வது இந்த ஓட்டுநர்களின் வழக்கம்.

ஓடாத வண்டிக்கும், விபத்தில் சட்டம் வளைந்த வண்டிக்கும் லோபாய்தான் கதி. அதன் கழுத்தைக் கழற்றினால் தளத்தின் முன்முனை தரையில் படியும். வண்டியை முன்பக்கமாக ஓட்டியோ வின்ச்சால் இழுத்தோ ஏற்றலாம். பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைக் குறைந்தது நான்கு இடத்தில் கட்ட வேண்டும் என்பதும், ஒவ்வொரு கட்டும் 5,000 பவுண்டு தாங்க வேண்டும் என்பதும் விதி. 3/8 அங்குலத் தடிமனுள்ள கிரேடு 70 சங்கிலி ஒன்று 6,600 பவுண்டு தாங்கும் என்பதால் நான்கு சங்கிலியில் விதி நிறைவேறிவிடும். எங்கே கட்டுவது என்பதில்தான் அனுபவம் தெரியும். சட்டத்தில் மட்டும் கட்டினால் வண்டி காற்றுப் பைகளின்மேல் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் சங்கிலி தளரும். காற்றுப் பைகளை வடித்து வண்டியை உட்கார வைத்த பின் ஆக்சிலோடு சேர்த்துக் கட்டினால் அது அசையாது. முதல் 50 மைலுக்குள் ஒருமுறை நிறுத்திச் சங்கிலிகளைப் பார்க்க வேண்டும். அதன்பின் 150 மைலுக்கு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இது சட்டமே சொல்வது.

ஏற்றிய வண்டியில் பலர் மறப்பது புகைக்குழாயை மூடுவதை. செங்குத்தாக நிற்கும் குழாயின் வாயில் எதிர்காற்று புகுந்தால் டர்போவின் சக்கரம் தானாகச் சுற்றத் தொடங்கும். இஞ்சின் நின்றிருப்பதால் அதன் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. கியர் பாக்ஸுக்கு நேர்ந்த அதே கேடு, வேறொரு மூலையில். குழாய் வாயில் ஒரு உறையைப் போட்டு இறுக்கிக் கட்டினால் தீர்ந்தது. பானெட்டையும் பட்டையால் கட்ட வேண்டும். பின்பக்கமாக ஏற்றிய வண்டியின் பானெட்டுக்குள் காற்று புகுந்தால் கொக்கி தாங்காது.

பாதையில் காற்றும் குளிரும் தனிக் கவனம் கேட்பவை. வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே எல்க் மலையை ஒட்டிப் போகும் ஐ-80, காற்றுக்குப் பேர்போனது. உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்குச் சாலையையே மூடுவார்கள். அதே சாலை ஷெர்மன் முகட்டில் 8,640 அடிக்கு ஏறுகிறது. கொலராடோ வழி ஐ-70 இன்னும் மேலே, ஐசன்ஹோவர் சுரங்கத்தில் 11,158 அடிக்குப் போகிறது. அந்தச் சுரங்கத்தின் உயர வரம்பு 13 அடி 11 அங்குலம். லோபாயில் ஏற்றிய உயரக் கேபின் அதற்குள் நுழையாது. ஃப்ளோரிடாவில் டீசல் நிரப்பிய வண்டி ஜனவரியில் வடக்கு டகோட்டாவில் இறங்கினால், டாங்கிலுள்ள டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். குறைந்த அளவு டீசலோடு ஏற்றி, வடக்கே இறக்கும் இடத்தில் குளிர்கால டீசல் ஊற்றுவதே தெரிந்தவர் செய்வது.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம்பர் பிளேட் இல்லாத வண்டி ஓடுவதற்குக் வண்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கான பிளேட் அல்லது மாநிலம் மாநிலமாகப் பயண அனுமதிச் சீட்டு வேண்டும். மூன்று ஆக்சில் உள்ள வண்டி எடை எதுவாயினும் மாநிலங்களுக்கிடையிலான எரிபொருள் வரிக் கணக்கில் வரும். ஒரிகன், நியூ மெக்சிகோ, கென்டக்கி, நியூ யார்க் ஆகியவை தூரத்துக்கும் தனியாக வரி வாங்குகின்றன.

வாடகை பேசுகிறவர் தரகரா, வண்டி வைத்திருப்பவரா என்பதை முதலில் கேட்டுத் தெளிய வேண்டும். தரகருக்கு 75,000 டாலர் பிணை உண்டு. ஆனால் சரக்கின் சேதத்துக்குப் பொதுவாக அவர் பொறுப்பில்லை. 1906-இல் வந்த கார்மாக் திருத்தம் பொறுப்பைக் கொண்டுபோகிறவர்மேல்தான் வைக்கிறது. அவருடைய காப்பீடு எவ்வளவு என்பதும் முக்கியம். சாதாரணமாக எடுக்கப்படும் சரக்குக் காப்பீடு ஒரு லட்சம் டாலர். படுக்கையுள்ள புது டிரக்கின் விலை அதைத் தாண்டும். வித்தியாசத்துக்குத் தனிக் காப்பீடு எடுக்காமல் அனுப்புவது துணிச்சலே தவிர வியாபாரம் ஆகாது.

ஏற்றும்போது நான்கு பக்கமும், கூரையும், கண்ணாடியும், மைல் மீட்டரும் தெரியப் படம் எடுத்து, கீறல்களைப் பில் ஆஃப் லேடிங்கில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். இறக்கும்போது அதே வரிசையில் மறுபடி பார்க்க வேண்டும். இருட்டில், மழையில், அவசரத்தில் கையெழுத்துக் கேட்டால் "பரிசோதனைக்கு உட்பட்டது" என்றாவது எழுதியே கொடுக்க வேண்டும். சேதத்துக்கு உரிமை கோர ஒன்பது மாதத்துக்குக் குறையாத கால அவகாசத்தைச் சட்டம் தருகிறது. எழுத்தில் இல்லாத சேதத்தை அப்போது நிரூபிப்பது கடினம். இழுத்து வந்த வண்டியென்றால் பெயின்ட் கோட்டை நேராக்கி ஷாஃப்டை மாட்டி, போல்ட்டுகளை டார்க் ஸ்பேனரால் உரிய அளவுக்கு இறுக்கி, காற்று நிரம்பும்வரை இஞ்சினை ஓடவிட்டு, முற்றத்திலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிய பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும்.