வாடைக்கு எவ்வளவு?

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில், திருப்பாலைவனத்து டீக்கடை. தை மாத முற்பகல். விடியுமுன் மீன் ஏற்றிக்கொண்டு காசிமேடு போன மூன்று வண்டிகள் வெறுந்தொட்டியோடு திரும்பி வந்து வரிசையாக நிற்கின்றன. முதலில் டாடா ஏஸ். ஊர் வாயில் குட்டியானை. அடுத்து அசோக் லேலண்ட் தோஸ்த். கடைசியில், மற்ற இரண்டையும் குனிந்து பார்க்கும் உயரத்தில் மஹிந்திரா பொலிரோ பிக்கப். மூன்றின் பின்கதவு இடுக்கிலும் ஐஸ் கரைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது.

பெஞ்சில் மூன்று டிரைவர்கள். பேச்சு வண்டிகளைப் பற்றித்தான்.

"எனக்கு ரெண்டு சிலிண்டர், இவனுக்கு மூணு, உனக்கு நாலு. டீ மட்டும் ஆளுக்கு ஒண்ணு" என்கிறார் குட்டியானைக்காரர். மூவரில் வயதில் மூத்தவர்.

சிலிண்டர் ஏற ஏறப் பாரமும் ஏறுகிறது. 2005-ல் வந்த ஏஸுக்கு 702 சி.சி. என்ஜின், முக்கால் டன் தாங்கும். 2011-ல் ஓசூரிலிருந்து வந்த தோஸ்த் ஒன்றேகால் டன். பொலிரோவுக்கு இரண்டரை லிட்டர் என்ஜின்; பெரிய மாடல் 1.7 டன் வரை. இதெல்லாம் கம்பெனிக் கணக்கு. மீன் லோடில் சரிபாதி ஐஸ். பெட்டியின் எடையையும் கழித்தால் குட்டியானையில் நியாயமாகப் போகிற மீன் முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருக்காது.

"புல்லிங்னா இதுதான்" என்று பொலிரோக்காரர் தன் வண்டியைக் காட்டுகிறார்.

"இழுத்துக் காட்ட இங்க மலை எங்க இருக்கு? ஏத்தம்னா பழவேற்காட்டுப் பாலம் ஒண்ணுதான். அதுல நானும்தான் ஏறுறேன்." தோஸ்த்காரர் விடவில்லை.

"நீ ஏறுவ. நான் டாப் கியர்ல ஏறுவேன்."

"ஏரியில மடவை படலைன்னா டாப் கியர்ல எதை ஏத்திட்டுப் போவ?"

பொலிரோக்காரர் டீயை ஆற்றுகிறார். தொட்டி நிறையாமல் சென்னைக்குப் போனால் டீசலுக்குக்கூடக் கட்டாது. சின்ன வண்டிக்காரருக்கு எட்டுப் பெட்டி கிடைத்தாலும் ஓட்டம்தான்.

பேச்சு நடக்கும்போதே குட்டியானைக்காரர் எழுந்து, வண்டிக்கடியில் குந்தி, ஸ்குரூ டிரைவரால் சேஸைச் சுரண்டுகிறார். துரு அப்பளம்போல் பொரிந்து விழுகிறது. உப்புத் தண்ணீர் ஒழுகுகிற இடம் அது. சொட்டு நிற்கும் மூலை முதலில் போகும். பெயிண்ட் டப்பாவில் வைத்திருந்த பழைய என்ஜின் ஆயிலைத் துணியில் தோய்த்து, ஸ்பிரிங் பட்டைக்கும் சேஸுக்கும் நடுவே விரல் நுழைகிற வரை பூசுகிறார். நகக்கண் கறுக்கிறது. அந்தக் கையைத் தவிட்டில் தேய்த்துத் துடைத்துவிட்டு மிச்ச டீயைக் குடிக்கிறார்.

தோஸ்த்தின் கிளீனர் பையன் செல்போனை நீட்டுகிறான். அமெரிக்காவில் ஒரு ஃபோர்டு எஃப்-450, வீடு போல ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறுகிறது. "பதினெட்டு டன் இழுக்கும்ணா!"

"அதுக்கு மாசம் டியூ எவ்வளவாம்?" என்கிறார் பொலிரோக்காரர். அவருடைய டியூ ஐந்தாம் தேதி.

அப்போது ஒரு டிராக்டர் வருகிறது. டிரெய்லரில் ஃபைபர் படகு. பழுது பார்க்கப் போகிறது போலும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. மூவரும் பேச்சை நிறுத்திப் பார்க்கிறார்கள். கரை மணலில் படகை மேலே இழுக்கவும் இதே டிராக்டர்தான். டிராக்டருக்கு முன்பு தோள்கள். இதே வட்டாரத்தின் பக்கிங்காம் கால்வாயில், ஸ்ரீஹரிகோட்டா விறகு படகேறிச் சென்னைக்குப் போன காலத்தில், காற்று கைவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிறு பிடித்து இழுத்தார்கள்.

எக்ஸெல் வண்டியில் நெல் வியாபாரி வந்து இறங்குகிறார். அறுப்புச் சமயம். பொன்னேரி மில்லுக்கு இருபது மூட்டை போகவேண்டும். மூட்டை எழுபத்தைந்து கிலோ, ஆக ஒன்றரை டன். குட்டியானையைக் கடக்கிறார், தோஸ்த்தைக் கடக்கிறார், பொலிரோவிடம் நிற்கிறார். டயரை உதைத்துப் பார்க்கிறார். பட்டையை எண்ணுகிறார். பொலிரோக்காரர் முகத்தில் வெற்றி.

வியாபாரி தொட்டிக்குள் தலையை நீட்டுகிறார். சட்டென்று வெளியே எடுக்கிறார்.

"கழுவுனியாப்பா?"

"பிளீச்சிங் பவுடர் போட்டே கழுவுனேன்ணா."

"நெல்லுல கவிச்சி ஏறுச்சுன்னா மில்லுக்காரன் இறக்க விடமாட்டான்."

"ரெண்டு தார்ப்பாய் விரிச்சுடலாம்ணா."

"வாடகை?"

"ஆயிரம்."

"வாடைக்கு இருநூறு கழிச்சுக்கோ."

பொலிரோக்காரர் செல்போனில் தேதியைப் பார்க்கிறார். "நூத்தம்பதுண்ணா" என்கிறார். வியாபாரி தலையாட்டுகிறார்.

குட்டியானைக்காரர் காலி கிளாஸை வைத்துவிட்டு எழுகிறார். "ரெண்டு டிரிப்பா அடிச்சா நானே முடிச்சிருப்பேன்ணா. சின்ன வண்டி. வாடைக்கு நூறு கழிச்சாப் போதும்."